முப்பது நோன்பும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

அய்யம்பேட்டை கடைத்தெருவில் நான் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் பாதிப் பெண்களுக்கு மாதவிலக்கு எந்தத் தேதியில் வரும் என்று எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி. நாத்தனார் கல்யாணம், கிரகப்பிரவேசம், திருவையாற்றில் ஏழூர்ப் பல்லக்குத் திருவிழா, எது வந்தாலும் அதற்கு முந்தின வாரம் ஒருத்தி கடைக்கு வருவாள். ஆண்கள் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்ப்பாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, தள்ளிப்போடுற மாத்திரை" என்பாள். நானும் பழுப்புக் கவரில் போட்டு, ஏதோ திருட்டுச் சாமானைக் கைமாற்றுவதுபோலக் கொடுப்பேன். நோன்பு மாதம் பிறக்கப்போகிறது என்றால் இந்தக் கூட்டம் இரண்டு மடங்காகும்.

நஜ்மா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவளைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்கக்கா, என் பேரையும் போடுங்க. ஆனா உங்களை ரொம்ப நல்லவங்களாக் காட்டிக்காதீங்க" என்றாள். கிண்டலுக்குத்தான் சொன்னாள். இருந்தாலும் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவள் பிறந்த ஊர் திருவையாறு. வாக்கப்பட்டு அய்யம்பேட்டைக்கு வந்து ஒன்பது வருஷம். வயது முப்பத்திரண்டு. புருஷன் சைபுல்லாவுக்கு ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக் வேலை. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிவாசல் தெரு மணப்பெண்ணுக்கும் அக்ரஹாரத்து மணப்பெண்ணுக்கும் அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். என்னுடையதும் அவள் கைவேலைதான். "அக்கா, போன பொங்கலுக்கு இப்ப ஒன்றரை இஞ்ச் கூடியிருக்கு" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்வாள். மழுப்பத் தெரியாது. டேப் காட்டுகிற எண்தான் அவளுக்கு வேதவாக்கு. தைத்த துணியைப் பிரித்துத் திருத்திய வழக்கமே அவளிடம் கிடையாது.

சைபுல்லாவுக்கு வருஷத்தில் நாற்பத்தைந்து நாள் லீவு. கொரோனா வருஷத்தில் அதுவும் இல்லை. ஒன்பது வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்த நாளையெல்லாம் கூட்டினால் ஒரு முழு வருஷம் தேறாது. அதற்குள் ஊர் அவளுக்கு மலடி என்று ஒரு பட்டம் கட்டிவிட்டது. ஆள் அங்கே, பெண் இங்கே, பிள்ளை என்ன கூரியரிலா வரும் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வந்தது. இரண்டு மூன்று பேரிடம் கேட்டு அவர்களுடைய பகையையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு விலக்கு தாறுமாறாக வர ஆரம்பித்தது. இரண்டு மாதம் வராது, வந்தால் பத்து நாள் நிற்காது. தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா பார்த்து, நீர்க்கட்டி என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இருபத்தொரு நாள் சாப்பிட்டு ஏழு நாள் விட வேண்டும். அந்த ஏழு நாளில் விலக்கு வரும். சாப்பிட்டாள், சொல்லி வைத்ததுபோல வந்தது. நான்காவது மாதம் அதே சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் கொடுத்தேன். ஐந்தாவது மாதமும் கொடுத்தேன். சீட்டு மடிப்பில் கிழிந்தது. பிறகு அவள் சீட்டைக் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை.

அது கருத்தடை மாத்திரை. அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது. நஜ்மாவும் படித்தவள், அவளுக்கும் தெரியும். ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டேன். "அவரு ஊர்ல இல்லாதப்ப எனக்குத் தடுக்கறதுக்கு என்னக்கா இருக்கு? தேதி சுத்தமா வருது. அவரு வர்ற அன்னிக்கு நிறுத்திடுறேன்" என்றாள். கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. கெட்டிக்காரிதான் என்றுகூட நினைத்தேன்.

நோன்பு மாதத்தில் அந்த ஏழு நாள் இடைவெளியை விடமாட்டாள். ஒரு அட்டை தீர்ந்ததும் அடுத்த அட்டையைத் தொடங்கிவிடுவாள். விலக்கு வராது, முப்பது நோன்பும் முழுசாக நிற்கும். விலக்கான பெண்ணுக்கு நோன்பு கிடையாது, பிறகு பிடித்தால் போதும் என்பது அவர்கள் மார்க்கத்திலேயே உள்ள சலுகை. ஆனால் கூட்டுக் குடும்பத்தில், பகல் நேரத்தில் அடுப்படி மூலையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து சாப்பிடுகிற கூச்சம் வேறு. நஜ்மாவின் மாமியார் கமருன்னிஸாம்மா வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்ம நஜ்மா முப்பது நோன்பும் ஒண்ணு விடாம பிடிக்கிறா, மாஷா அல்லாஹ்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். பிள்ளை பெறாத மருமகளுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதை அவள் எப்படி விடுவாள்?

இந்த வருஷம் சைபுல்லா நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் வந்து இறங்கினான். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாம் நாள் விலக்கு வந்தது. மறுநாள் மாமியாரும் சேர்ந்து மூன்று பேருமாகக் காரில் தஞ்சாவூருக்குக் குழந்தையின்மை டாக்டரைப் பார்க்கப் போனார்கள். விலக்கின் இரண்டாம் நாள் ரத்தம் எடுக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஆர்த்தி நல்ல பெண், அவசரப்படாமல் பேசுகிறவள். எல்லாரிடமும் கேட்பதுபோல அவளிடமும் கேட்டாள், இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. ஒவ்வொரு தொழுகையிலும் பேரப்பிள்ளைக்காகக் கையேந்துகிற மாமியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன் என்று எந்த மருமகளுக்கு வாய் வரும்? "ஒண்ணும் இல்லைங்க" என்றாள் நஜ்மா.

ரிப்போர்ட் வந்தது. ஏ.எம்.ஹெச். என்று ஒரு ஹார்மோன். சினைப்பையில் கருமுட்டை எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்று அதை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அவள் வயதுக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் பயமில்லை. நஜ்மாவுக்குப் புள்ளி ஆறு. ஸ்கேனிலும் முட்டைகள் கொஞ்சமாகத்தான் தெரிந்தன. ஆனால் முட்டை குறைந்தால் கூடவே ஏறியிருக்க வேண்டிய இன்னொரு ஹார்மோன் ஏறவில்லை. அது பொருந்தவில்லை என்று டாக்டருக்கே தோன்றியிருக்கிறது. "நிஜமாவே மாத்திரை எதுவும் எடுத்துக்கலையா?" என்று திரும்பக் கேட்டாள். அப்போதும் மாமியார் பக்கத்தில்தான் இருந்தார். அப்போதும் இல்லை என்றாள்.

டாக்டர் கையில் இருந்ததை வைத்துத்தானே பேச முடியும்? சொந்த முட்டையில் வாய்ப்பு மிகவும் குறைவு, வேறொரு பெண்ணின் முட்டையைத் தானமாக வாங்கிச் செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். கமருன்னிஸாம்மா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார். கூடாது என்று பதில் வந்தது. அத்தோடு வைத்தியத்தை விட்டுவிடுவது என்று வீட்டில் முடிவானது. யாரும் நஜ்மாவை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டு எழுந்ததும், சைபுல்லாவின் தம்பி பெண்டாட்டி சாஜிதா நஜ்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மூன்றாவது, ஐந்து மாதம். நஜ்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "இந்தப் பிள்ளை உங்களுக்குத்தான் அக்கா" என்றாள். எல்லாரும் அழுதார்கள். திங்கட்கிழமை தஞ்சாவூர் போய் டாக்டரிடம் நேரில் சொல்லிவிட்டு, பைலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை மத்தியானம். கடைத்தெரு அடங்கிக் கிடக்கிற மூன்று மணிக்கு நஜ்மா வந்தாள். கையில் அந்த ரிப்போர்ட்.

"அக்கா, இந்த நம்பரை ஏத்துறதுக்கு மாத்திரை ஏதாச்சும் இருக்கா? ஊசியா இருந்தாலும் பரவால்ல."

வாங்கிப் பார்த்தேன். எண்ணைப் பார்த்தேன், பிறகு மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். விரல் விட்டு நாளை எண்ணினேன்.

"ஏன்டி, ரத்தம் எடுத்தப்ப அட்டை முடிச்சு அஞ்சு நாள்கூட ஆகலையே. மாத்திரை சாப்பிட்டதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் இல்லைன்னுட்டேன். மாமி இருந்தாங்கக்கா."

நான் டி.ஃபார்ம் படித்தது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால். அப்போது இந்த ஹார்மோனைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் கருத்தடை மாத்திரை சினைப்பையைத் தூங்கப்போடுகிற சமாச்சாரம் என்பது தெரியும். தூங்குகிற வீட்டில் போய்த் தலையெண்ணினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? என்னோடு படித்த கனகா தஞ்சாவூரில் ஒரு லேபில் இருக்கிறாள். நஜ்மாவை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் கனகா கத்தினாள். "மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே ஏ.எம்.ஹெச். எடுத்தாங்களா? கம்மியாத்தாண்டி காட்டும். அதுவும் ரெண்டு வருஷமா, கடைசியில கேப் விடாம வேற. நிறுத்தி மூணு மாசம் கழிச்சு எடுக்கச் சொல்லு."

"அப்ப ஏறிடுமா?"

"ஏறலாம். அவளுக்கு நெசமாவே கம்மியா இருந்துச்சுன்னா ஏறாது. அதை நீயும் நானும் சொல்ல முடியாது மங்களம். ஆமா, சீட்டு இல்லாம ரெண்டு வருஷம் யாரு குடுத்தா?"

போனை வைத்துவிட்டேன்.

நஜ்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முகத்தில் வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, இன்னும் வெளிறிப்போயிற்று.

"இப்ப போய் எப்படிக்கா சொல்றது? சாஜிதா தன் பிள்ளையையே தரேன்னு சொல்லிட்டா. மாமி பேர்கூட யோசிச்சிட்டாங்க. இத்தனை நாளும் கருத்தடை மாத்திரையைத் தின்னுட்டு உங்க எல்லாரையும் அழ வச்சேன்னு சொல்றதா? சொல்லிட்டு மூணு மாசம் கழிச்சு நம்பரும் ஏறலைன்னா? அந்தப் பிள்ளையும் இல்லை, என் பிள்ளையும் இல்லை, மாமியும் இல்லை. அவரு என் முகத்தைப் பார்ப்பாரா?"

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க."

"நீ?"

ரிப்போர்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கமருன்னிஸாம்மா சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "மங்களம், அல்லாஹ் ஒரு வழியை அடைச்சா இன்னொண்ணைத் திறப்பான். நஜ்மா கையில ஒரு பிள்ளையைக் குடுத்துட்டா எனக்குப் போதும்" என்றார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாலு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொல்லவில்லை. அடுத்தவள் ரகசியத்தைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் அந்தப் பயத்தில் பாதி எனக்காகத்தான். சீட்டில்லாமல் மாத்திரை கொடுத்தவள் நான். ஊருக்குத் தெரிந்தால் இந்தக் கடையில் ஒரு பெண் கால் வைப்பாளா? நல்லவளாகக் காட்டிக்கொள்ளாதே என்று நஜ்மா சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் உலகநாதன், "யாருக்கு மாத்திரையை மாத்திக் குடுத்துட்ட?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரோ என்னவோ, எனக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்கும்போது நஜ்மாவிடமிருந்து போன் வந்தது. "நீங்களும் கூட வர்றீங்களாக்கா?" அவ்வளவுதான் கேட்டாள். சொல்லப்போகிறாளா இல்லையா என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடையைச் சாத்தினேன். தஞ்சாவூரில் மருந்து மொத்தக்கடைக்குப் போக வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவர்கள் காரிலேயே ஏறிக்கொண்டேன். வழி நெடுக கமருன்னிஸாம்மா சாஜிதாவின் மசக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நஜ்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டம். முப்பது ஜோடியாவது இருக்கும். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி பைலை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போதும் நஜ்மாவின் விரல் என் மணிக்கட்டை இறுக்கியது. எங்கள் எண் வந்தது. குடும்பத்தார் மட்டும் என்று நர்ஸ் சொன்னாள். "நானும் குடும்பம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன். என் நெற்றிப் பொட்டையும் அவர்கள் புர்காவையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். ஆனாலும் தடுக்கவில்லை.

சைபுல்லா பணிவாக எழுந்து நின்றான். "மேடம், நாங்க முடிவு பண்ணிட்டோம். எங்க மார்க்கத்துல அது கூடாது. தம்பி குழந்தையையே வளர்த்துக்கலாம்னு இருக்கோம். பைலை மட்டும்..."

டாக்டர் ஆர்த்தி தலையாட்டினாள். பைலை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். நான் நஜ்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, பைலை மூடினாள். நான் வாயைத் திறந்துவிட்டேன், சத்தியமாகத் திறந்துவிட்டேன். அதற்குள் நஜ்மா பேசினாள்.

"நான் மாத்திரை சாப்பிட்டேன் மேடம். கருத்தடை மாத்திரை. ரெண்டு வருஷமா. நோன்புல முப்பது நாளும் விடாம. நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."



"நான்தாங்க குடுத்தேன், சீட்டு இல்லாம" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நஜ்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். மூடிய பைலைத் திரும்பத் திறந்தாள். "அதான் அது பொருந்தலை. அப்ப இந்த நம்பரை நம்ப வேணாம். மூணு மாசம் எந்த மாத்திரையும் தொடாதீங்க. திரும்ப எடுப்போம். அப்பவும் கம்மியா இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது, இப்பவே சொல்லிடுறேன்" என்றாள். சைபுல்லாவின் லீவு அதற்குள் முடிந்துவிடும் என்பதால், அவன் போகுமுன் அவனுடைய விந்தணுவை எடுத்து உறையவைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அவன் காது சிவந்துபோய்ச் சுவரைப் பார்த்தபடி சரி என்றான்.

கமருன்னிஸாம்மா ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த முப்பது நோன்புக்காகவா?"

"நீங்க எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களே மாமி. அது ஒண்ணுதான் என்னைப் பத்தி நல்லதா சொல்ல இருந்துச்சு."

கமருன்னிஸாம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "அல்லாஹ்வே விட்டுக்குடுத்த நோன்பு அது" என்றார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் நஜ்மாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. "அவளைச் சாப்பிடச் சொல்லு", "அவளுக்கு டீ குடு" என்று சாஜிதா வழியாகத்தான் எல்லாம். சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. நஜ்மா என்னிடம் வந்து, "திட்டிட்டாக்கூட ஆறிடும்கா, கேட்டுக்குவேன்" என்பாள். என்னிடமும் அந்த அம்மா பேசவில்லை. சர்க்கரை மாத்திரையைப் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்க ஆரம்பித்தார். அது எனக்குத் தேவைதான்.

சைபுல்லா மே நடுவில் கிளம்பிப் போனான். போகுமுன் கடைக்கு வந்து, "அவளைப் பாத்துக்கங்கக்கா" என்று மட்டும் சொன்னான். கோபமா நம்பிக்கையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மாத்திரையை நிறுத்தினால் விலக்கு ஒழுங்காக வரும் என்று நினைத்திருந்தோம். வரவில்லை. முப்பது நாள் போயிற்று, நாற்பது போயிற்று. தினமும் கடை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்து இல்லையென்று தலையசைத்துவிட்டுப் போவாள். புருஷன் ஊரில் இருந்த நாட்களைக் கணக்குப் போட்டு, ஒருவேளை தங்கியிருக்குமோ என்று எனக்குள் ஒரு ஆசை கிளம்பியது. அவளுக்கும் கிளம்பியிருக்கிறது. நாற்பத்தாறாம் நாள் சோதனை அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஒற்றைக் கோடு. ஐம்பத்திரண்டாம் நாள் விலக்கு வந்தது. அன்றைக்கு நான் கல்லாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வாடிக்கையாளர் யாரோ இருமல் மருந்து கேட்டுக் காத்திருந்தார். எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்திருந்தது. ஜூலை கடைசியில் ரத்தம் கொடுக்கப் போனாள். தனியாகவே பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். ரிப்போர்ட் வீட்டில் எல்லார் முன்னாலும் வந்து விழ வேண்டாம் என்று என் நம்பரைக் கொடுத்திருந்தாள். மறுநாள் மத்தியானம் என் செல்லில் வந்தது. நஜ்மாவைக் கூப்பிட்டேன். ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

திறக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கக்கா. இதைப் பாத்துட்டு நான் சாஜிதாகிட்ட போனா, நம்பர் ஏறினதால பிள்ளை வேணாம்கிறேன்னு ஆயிடும். ஏறலைன்னா வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. முதல்ல சொல்லிட்டு வந்துடுறேன்."

"பைத்தியமாடி உனக்கு? ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயேன். ஏறலைன்னா உனக்கு அந்தப் பிள்ளையாவது..."

"அவளுக்கு எட்டு மாசம் முடியப்போவுதுக்கா. ராத்திரியெல்லாம் வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கா. நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன்." சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டாள்.

அரை மணி நேரம். அந்தச் செல்லை மேஜையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு தடவை கை போயிற்று, இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் எல்லாருடைய விஷயத்தையும் அவரவருக்கு முன்னால் தெரிந்துவைத்துக்கொண்டவளுக்கு அது ஒரு தண்டனை. வேண்டாத சாமியில்லை. அவளுக்காக மட்டும் வேண்டினேன், இந்தத் தடவை எனக்காக இல்லை.

நஜ்மா திரும்பி வந்தாள். வெறும் காலோடு ஓடிவந்திருந்தாள், மூச்சு வாங்கியது. முகம் அழுது வீங்கியிருந்தது.

"சொல்லிட்டேன். எந்த நம்பர் வந்தாலும் அது உன் பிள்ளை, நீயே வளர்த்துக்கன்னு. அவ என் மடியில விழுந்துட்டாக்கா. 'தரேன்னு சொன்ன அன்னியிலேருந்து நான் தூங்கலை அக்கா, திருப்பி எப்படிக் கேக்குறதுன்னு தெரியலை'ன்னு ஒரே அழுகை. மாமி கதவோரமா நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை." புர்கா ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப திறங்க."

திறந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன்.

"ஒண்ணு புள்ளி நாலு."

"நல்லதாக்கா?"

"உன் வயசுக்குக் கொஞ்சம் கம்மிதான். ஆனா போன தடவைக்கு ரெண்டு மடங்குக்கு மேல. உன் முட்டையிலேயே பாக்கலாம்னு டாக்டர் சொல்லுவாங்க. நிக்குமா நிக்காதான்னு நான் சொல்ல மாட்டேன்டி. ஊசி, ஸ்கேன்னு இனிமேத்தான் எல்லாம் இருக்கு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் கமருன்னிஸாம்மா படியேறி வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு என் கடைக்கு வருகிறார். வெயிலில் நடந்து வந்ததில் மேல்மூச்சு வாங்கியது. கையில் நஜ்மாவின் செருப்பு. என்னைப் பார்த்து, "என்னவாம்?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் நஜ்மா எழுந்து நின்றாள். "ஏறியிருக்கு மாமி. ஆனா நிச்சயம் கிடையாது. எனக்குப் பயமா இருக்கு."

கமருன்னிஸாம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, செருப்பை அவள் காலடியில் வைத்தார்.

"போட்டுக்க நஜ்மா. தார் ரோடு, காலு வெந்துரும்" என்றார்.